ஸ்பெயின் தட்டும் போன மூக்கும்

வைன் விக்கிறவனுக்கு ரெண்டு முதல்தான் இருக்கு: ஒண்டு கால், மற்றது மூக்கு. கால் போனால் ஒரு கதிரையைத் தந்து காசு வேண்டிற இடத்திலை இருத்திவிடுவினம். மூக்குப் போனால் என்ன செய்வினம் எண்டு எனக்கும் தெரியாமல்தான் கிடந்தது.

கடை கண்ணியிலை நாள் முழுக்க நிண்டு, வாற சனத்துக்கெல்லாம் பல்லைக் காட்டிப்போட்டு, பின்னேரம் வீட்டை வந்து காலைத் தூக்கி மேசையிலை போடுற ஆக்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன். மற்ற ஆக்களுக்கு விளங்காது. கனடாவிலை, ஸ்காபரோவிலை, வோபர்ன் பக்கம், அரசாங்க மதுக்கடையிலை எனக்கு வேலை. முதல் கன வருசம் பின்னுக்கு லொறியிலை வாற பெட்டியளை இறக்கினன். பேந்து படிச்சு, சோதினை எழுதி, வைன் ஆலோசகர் எண்டு சட்டையிலை குத்திற தகடு ஒண்டு எடுத்தன். என்ரை பொறுப்பிலை விட்டது ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு வைன் தட்டு. ரியோஹா, ரிபேரா, தோரோ, பிரியோராத், ஹுமில்யா எண்டு அந்த நாட்டின்ரை ஒவ்வொரு பகுதியிலையும் ஒவ்வொரு விதமாய்ச் செய்வினம். எல்லாத்தையும் தூசு தட்டி, பேர் தெரியிற மாதிரித் திருப்பி அடுக்கி வைக்கிறது எனக்கு ஒரு சந்தோசம்.

வருசத்துக்கு ஒருக்கா எங்கடை கடையளிலையிருந்து ஒராளைத் தெரிஞ்சு, ஸ்பெயினுக்கு அனுப்பி, அந்த வைன் செய்யிற இடங்களைச் சுத்திக் காட்டுவினம். பேரைக் குடுத்துப்போட்டுக் காத்திருந்து காத்திருந்து, போன மாரிக் குளிரிலை என்ரை பேர் வந்தது. வசந்தத்திலை பயணம். அந்த மாரியிலையேதான் என்ரை மூக்கும் போச்சு. அதின்ரை கதையைத்தான் துண்டு துண்டாய்ச் சொல்லப்போறன்.

தேங்காய்ப்பூ

மூக்கு இருந்த காலத்திலையிருந்து தொடங்குறன். ரியோஹாவிலை வைனை அமெரிக்க ஓக் மரத்திலை செய்த பீப்பாவுக்குள்ளை வருசக்கணக்காய்க் கிடக்க விடுவினம். அந்த மரம் வைனுக்கு ஒரு மணத்தைக் குடுக்கும். வகுப்பிலை முதல்நாள் கிளாஸை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போறன், திருவி வறுத்த தேங்காய்ப்பூ! எங்கடை குசினிதான். பக்கத்திலை இருந்த வெள்ளையள் வனிலா எண்டினம், வேறை என்னவோ எண்டினம். நான் கையை உயர்த்தித் தேங்காய் எண்டன். படிப்பிச்ச மனுசி, "அதேதான், அதேதான்!" எண்டு துள்ளினா. அண்டைக்குத்தான் எனக்கு இந்த வேலையிலை ஆசை வந்தது. அதுவரைக்கும் சம்பளத்துக்கு வந்து போனவன்.

எங்கடை சனத்துக்கு அந்த ஒரு மணத்தைச் சொல்லியே எத்தினையோ போத்தல் வித்திருப்பன். ஒருநாள் ஒரு அங்கிள், கோயிலாலை நேரை வந்தவர், நெத்தியிலை சந்தனப் பொட்டும் காயேல்லை. ருசி பாக்கிற மேசையிலை கொஞ்சம் ஊத்திக் குடுத்து, "மணந்து பாருங்கோ அங்கிள், தேங்காய்ப்பூ வறுக்கிற மணம் வருதோ?" எண்டன். மனுசன் கண்ணை மூடி வடிவாய் மணந்தார். ஓம் எண்டு தலையை ஆட்டினார். பேந்து ஒரு சொட்டும் குடியாமல் கிளாஸைத் திருப்பி வைச்சிட்டுச் சொன்னார்: "அட தம்பி, வீட்டிலை மனுசி சும்மா தாற மணத்தை இஞ்சை காசுக்கெல்லோ விக்கிறியள்!"

போத்தலின்ரை பாரம்

எங்கடை ஆக்கள் பரிசு குடுக்க வைன் எடுக்க வந்தால் பேரைப் பாக்கமாட்டினம், ஊரைப் பாக்கமாட்டினம். போத்தலைக் கையிலை தூக்கிப் பாரம் பாப்பினம். பேந்து கவிட்டு, அடியிலை இருக்கிற குழிக்குள்ளை பெருவிரலை விட்டு எவ்வளவு ஆழம் எண்டு பாப்பினம். விரல் முழுக்கப் போனால் நல்ல வைன். போகாட்டில் உது சரியில்லை எண்டு திருப்பி வைச்சிடுவினம்.

பிரியோராத் எண்டு ஒரு பகுதி. செங்குத்தான மலை, கறுப்புக் கற்பலகை நிலம். அங்கை திராட்சைக் கொடி தண்ணியைத் தேடி வேரைக் கல்லுக்குள்ளாலை விட்டுத்தான் சீவிக்கும். ஒரு கொடியிலை கைப்பிடி பழம் வந்தால் பெரிய காரியம். இந்த வரலாறெல்லாத்தையும் ஒரு அண்ணைக்கு மூச்சு விடாமல் சொல்லி முடிச்சன். எங்கடை கடையிலை இத்தாலித் தட்டைப் பாக்கிற சுகன்யா, கோயம்புத்தூர்ப் பிள்ளை, பக்கத்திலை நிண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா. அந்த அண்ணை பொறுமையாய்க் கேட்டுப்போட்டுப் போத்தலை ஒருக்கால் தூக்கிப் பாத்தார். "தம்பி, உள்ளுக்கை இருக்கிறது ஒரு இரவிலை போயிடும். போத்தல்தான் அவையின்ரை அலுமாரியிலை நிக்கும். இதைவிடப் பாரமானது இருக்கோ?"

கலியாண மண்டபம்

மாரி நடுவிலை எனக்குக் காய்ச்சல் வந்தது. கொரோனாதான், ஆனால் லேசாய் வந்து லேசாய்ப் போச்சு. மூக்கு அடைச்ச மாதிரிக் கிடந்தது. தடிமன்தானே, போயிடும் எண்டு வேலைக்குப் போயிட்டன். அந்த நேரம் பரம் அண்ணை வந்தார். கனகாலமாய் என்னட்டை வைன் எடுக்கிறவர். மூத்த மகளின்ரை கலியாணம், பின்னேர ரிசெப்சனுக்கு மேசைக்கு ஒரு போத்தல் சிவப்பு வைக்கவேணும், நீதான் தெரிஞ்சு தரவேணும் எண்டு நிண்டார். ரிபேராவிலை ஒரு சின்னக் குடும்பம் செய்யிற வைன், வருசா வருசம் நான் ருசி பாத்து எங்கடை ஆக்களுக்குக் குடுக்கிறது. மூக்கு அடைச்சிருந்தால் என்ன, என்ரை கையைப்போலை எனக்குத் தெரிஞ்ச வைன். பெட்டி பெட்டியாய் எடுத்துக் குடுத்தன்.

ரெக்ஸ்டேல் பக்கத்திலை மண்டபம். எனக்கும் சொல்லி, சுகன்யாவுக்கும் சொல்லி, நாங்கள் கடை ஆக்கள் எல்லாரும் ஒரு மேசை. சனம் கிளாஸைத் தூக்கி ஆட்டுது, "நல்ல சாமான்", "விலை கூடின சாமான்" எண்டு ஆளுக்காள் சொல்லுது. எனக்குப் பெருமை பிடிபடேல்லை. சுகன்யா ஒரு வாய் வைச்சிட்டு என்னைப் பாத்தா. "அண்ணா, இதை மோந்து பார்த்தீங்களா?" எண்டு மெல்லமாய்க் கேட்டா. மணந்து பாத்தன். ஒண்டுமில்லை. நல்ல மணமும் இல்லை, கெட்ட மணமும் இல்லை. "ஈரச் சாக்கு நாத்தம் அடிக்குதுங்ணா" எண்டா. நான் எழும்பி வாசலுக்குப் போனன். அங்கை பன்னீரும் சந்தனமும் வைச்ச தட்டு. குனிஞ்சு மணந்தன். இல்லை. பக்கத்திலை கட்டியிருந்த மல்லிகைச் சரத்துக்குள்ளை முகத்தை வைச்சன். இல்லை. ஐயோ கடவுளே, தடிமன் போய்க் கனநாள், மூச்சு நல்லாய்ப் போகுது, மணம் மட்டும் இல்லை. மேளம் அடிக்குது, சனம் சிரிக்குது, நான் வாசலிலை நிண்டு அழுதன்.

அந்த முறை வந்த பெட்டி எல்லாத்திலையும் போத்தல் தக்கையிலை பூஞ்சணம் பட்டிருந்தது எண்டு பிறகு தெரிய வந்து, கடை மிச்சம் இருந்ததெல்லாத்தையும் திருப்பி அனுப்பினது. காசையும் குடுத்து மன்னிப்பும் கேப்பம் எண்டு பரம் அண்ணை வீட்டை போனன். மண்டபத்திலை இருந்த அவ்வளவு சனமும் அதை முழுசாய்க் குடிச்சு முடிச்சிருக்கு, ஒரு ஆள் வாய் திறக்கேல்லை. ஒவ்வொருத்தரும் தங்களுக்கு மட்டும்தான் வைன் விளங்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு மற்றவனுக்குப் புகழ்ந்திருக்கினம். பரம் அண்ணை என்ரை தோளிலை கையை வைச்சார். "நானும் குடிச்சனான்தானே தம்பி. நனைஞ்ச சாக்கு மாதிரித்தான் கிடந்தது. விலை கூடினதெண்டால் உப்பிடித்தான் இருக்குமாக்கும் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

கைமருந்து

டொக்டர், திரும்பி வந்தாலும் வரும், வராமல் விட்டாலும் விடும் எண்டார். நல்ல பதில்! றோசாப்பூ, தேசிக்காய், கராம்பு எண்டு சின்னச் சின்னப் போத்தலிலை வைச்சுக் காலமையும் பின்னேரமும் மணந்து பழகச் சொன்னார். ஒவ்வொண்டையும் மூக்குக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு அதின்ரை மணத்தை நினைச்சுப் பாக்கவேணும். குசினி மேசையிலை நான் கண்ணை மூடி இருக்கிறதைப் பாத்து மனுசி முதலிலை சிரிச்சா. பேந்து சிரிக்கிறதை விட்டிட்டா. அதுதான் எனக்குப் பயமாய்க் கிடந்தது. பயணம் கிட்டக் கிட்ட வருது, மூக்கு அசையுதில்லை. சாப்பாடும் உப்பு, புளி, உறைப்பு எண்டு சுருங்கிப்போச்சு.

கடையிலை நான் ஒளிக்கேல்லை. வாற ஆக்களுக்கு, எனக்கு மணம் இல்லை, வைன் பற்றிப் படிச்சதைச் சொல்லுறன், மணத்தை நீங்கள்தான் பாக்கவேணும் எண்டு முகத்துக்கு நேரை சொன்னன். உடனை எல்லாரும் வைத்தியர் ஆகிட்டினம். ஒரு அன்ரி கொதிதண்ணியிலை வேது பிடிக்கச் சொன்னா. இன்னொருத்தர் தோடம்பழத்தை நெருப்பிலை சுட்டுத் தின்னச் சொன்னார். அதையும் செய்தன், வீடெல்லாம் புகைதான் மிச்சம். காதிலை ரெண்டு பக்கமும் மெசின் போட்ட ஒரு வயசானவர், நான் கத்திச் சொன்னதை எல்லாம் கேட்டுப்போட்டு என்ரை கையைப் பிடிச்சார். "நான் இப்பவும் மேளக் கச்சேரிக்கு முன்வரிசையிலை போய் இருக்கிறனான், தம்பி. தாளம் பிழைச்சாலும் எனக்குத் தெரியாது. பக்கத்திலை இருக்கிறவன் தலையாட்டேக்கை நானும் ஆட்டுவன்."

வெள்ளிக்கிழமை மணம்

இதைச் சொல்லாமல் விடுவம் எண்டுதான் நினைச்சன். ஆனால் சொல்லவேணும். ரூஜ் பக்கத்திலையிருந்து ஒரு அக்கா வந்தா. வெள்ளைச் சீலை, தலை ஒழுங்காய் இழுத்திருக்கேல்லை. புருசன் தவறி இன்னும் எட்டாகேல்லை. எங்கடை வழக்கம் தெரியும்தானே, எட்டாம் நாள், எட்டுச் செலவண்டைக்கு, செத்த ஆளுக்கு விருப்பமானது எல்லாம் சமைச்சுப் படைப்பம். குடிக்கிற ஆளெண்டால் அதையும் ஒரு கிளாஸிலை ஊத்தி வைப்பம். அவவின்ரை மனுசன் வெள்ளிக்கிழமையிலை வேலையாலை வந்து ஒரு சிவப்பு வைன் குடிக்கிறவராம். ஸ்பெயின் எண்டு சொன்னவராம். அவ்வளவுதான் தெரியும்.

"போத்தலைக் கண்டால் தெரியுமோ அக்கா?" எண்டன். "நான் முகத்தைத் திருப்பிக்கொண்டெல்லோ இருக்கிறனான். வெறும் போத்தலையும் அவரே கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்திடுவார். மணம் எண்டால் சொல்லுவன் தம்பி" எண்டா. மணம் தெரியாத ஆளைப் பாத்து வந்திருக்கிறா! பேரீச்சம்பழம் மாதிரி, பேந்து கொஞ்சம் மிளகு மாதிரி எண்டு தேடித் தேடிச் சொன்னா. மூக்கு இருந்திருந்தால் அந்தத் தட்டிலை கண்ணை மூடிக்கொண்டு கையை வைச்சிருப்பன். மனேச்சரிட்டைக் கேட்டுப்போட்டு ஒவ்வொரு போத்தலாய்த் திறந்தன். ரியோஹா மணந்தா, இல்லை எண்டா. தோரோ, அதுவும் இல்லை. வெய்யிலிலை பழம் பாதி காய்ஞ்சு வாற இடம் எதெண்டு யோசிச்சன். ஹுமில்யா. நல்ல வரண்ட பூமி, மொனஸ்திரெல் எண்டு ஒரு தடிச்ச தோல் பழம்.

அந்தக் கிளாஸை ரெண்டு கையாலையும் பிடிச்சு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவ, அப்பிடியே நிண்டிட்டா. கண்ணாலை தண்ணி ஓடுது, கிளாஸை எடுக்கிறா இல்லை. நானும் ஆசையிலை ஒரு கிளாஸிலை ஊத்தி மூக்கை உள்ளுக்கை விட்டன். எனக்குத் தண்ணிதான். அந்த மனுசன் அவவுக்கு முன்னாலை வந்து நிக்கிறார், எனக்கு ஆளைத் தெரியேல்லை. கொஞ்ச நேரத்தாலை அவ சீலைத் தலைப்பாலை முகத்தைத் துடைச்சிட்டுச் சொன்னா: "இதுதான் தம்பி. இந்த மணத்துக்குத்தான் நான் அந்த மனுசனை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏசினனான்."

மனேச்சரின்ரை யோசனை

பயணத்துக்குப் பேரை உறுதிப்படுத்திற நாள் வந்தது. எங்கடை மனேச்சர் கிரெக், வெள்ளைக்காரன், நல்ல மனுசன். அவனிட்டைப் போய், என்னை விட்டிட்டு வேறை ஆளை அனுப்புங்கோ எண்டன். அவனுக்கு விளங்கேல்லை. "எத்தினை வருசம் காத்திருந்தனி" எண்டு ஏசினான். நான் சொன்னன், அந்தச் சனம் பனியிலை கொடி வெட்டி, வெய்யிலிலை பழம் பறிச்சு, வருசக்கணக்காய்ப் பீப்பாவிலை காவல் வைச்சிருந்ததை ஒரு கிளாஸிலை ஊத்தித் தந்து என்ரை முகத்தைப் பாக்கேக்கை நான் என்ன சொல்லுறது? ஒரு மண்டபம் நிறையச் சனம் பொய்க்குத் தலையாட்டினதைப் பாத்தவன் நான். அதை என்னாலை செய்ய ஏலாது.

அவன் எழும்பினான். பேந்து கதவைச் சாத்திப்போட்டு வந்து, இங்கிலீசிலை சொன்னதை அப்பிடியே தமிழிலை சொல்லுறன்: "விசர்க்கதை கதையாதை, போயிட்டு வா. அங்கை ஆர் உன்ரை மூக்குக்குள்ளை எட்டிப் பாக்கப்போகினம்?"

சுகன்யா சொன்ன ஸ்பெயின்

நான் போகேல்லை. சுகன்யா போனா. அவவின்ரை பேரை நான்தான் சொன்னன், மனசார. ஆனால் அவ விமானம் ஏறின அண்டைக்கு எனக்குப் பொறுக்கேல்லை. பொறாமை இல்லை எண்டு சொன்னால் பொய். வயித்தெரிச்சலாய்த்தான் கிடந்தது, நானே விட்டுக்குடுத்த இடமெண்டாலும்.

திரும்பி வேலைக்கு வந்த முதல்நாள், சாப்பாட்டு நேரம், சுகன்யா என்ரை கதிரைக்கு முன்னாலை கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா. நான் கேக்காமலே தொடங்கினா. ரியோஹாவிலை நிலவறைச் சுவரெல்லாம் கறுத்த பூஞ்சணம் பஞ்சு மாதிரித் தொங்குதாம். கதவைத் திறந்த உடனை பழைய அரிசி மூட்டை மணமாம், உள்ளுக்கை போகப் போகத்தான் என்ரை தேங்காய்ப்பூ வருதாம். பிரியோராத்திலை மழை விட்டுக் கொஞ்ச நேரத்தாலை அந்தக் கறுப்புக் கல்லிலையிருந்து சிலேற்றைத் துப்பித் துடைச்ச மணம் வந்ததாம். தோரோவிலை ஒரு கிழவர் கையைக் குடுத்தாராம், அவரின்ரை கை முழுக்க வெட்டின கொடியும் மண்ணும் மணந்ததாம். ரிபேராவிலை விடியப் பனிக்குளிர் மூக்குக்குள்ளை ஏறி ஒண்டும் மணக்கேல்லையாம். "அப்போ உங்களைத்தாங்ணா நெனைச்சேன்" எண்டு சொல்லிப்போட்டு வேறை பக்கம் பாத்தா. நான் புட்டைப் பிசைஞ்சுகொண்டு, ரியோஹாவிலை பெரிய பீப்பா அறைக்குள்ளை விட்டவையோ, ஹுமில்யாவிலை கொடி எத்தினை வயசு, பீப்பா மரம் புதுசோ பழசோ எண்டு ஒண்டு விடாமல் கேட்டன். எல்லாத்துக்கும் பதில் வைச்சிருந்தா. சாப்பாட்டு நேரம் முடிஞ்சு, ஆக்கள் எழும்பிப் போயிட்டினம்.

அப்பதான் எனக்கு யோசினை வந்தது, நான் இவ்வளவு நேரமும் எனக்கு வேண்டியதைத்தானே கேட்டுக்கொண்டு இருக்கிறன் எண்டு. "அது கிடக்கட்டும் சுகன்யா, உமக்கு அங்கை எது பிடிச்சது?" எண்டன். அவவுக்குக் கண் கலங்கிப்போச்சு. "தெரியலைங்ணா. உங்களுக்கு வந்து சொல்லோணும், சொல்லோணும்னே எல்லாத்தையும் மோந்து மோந்து பார்த்தேன். எனக்குன்னு ஒண்ணைக்கூட மோந்து பார்க்கலைங்ணா."

ஸ்பெயின் தட்டு இப்ப சுகன்யாவின்ரை பொறுப்பு, என்னை வொட்கா தட்டுக்கு மாத்தியிருக்கினம். மணமே வராததுதான் உயர்ந்த சாமான் எண்டு சொல்லி விக்கிற அந்த இடத்துக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்தக் கனடாவிலையே இல்லை.